ஒப்பிட்டுப் பார்த்த பெண்மணி: டாக்டர் லூசி வில்ஸ்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பழம் விழுந்ததற்குக் காக்கை காரணமா, பழுத்துத் தளர்ந்த காம்பு காரணமா என்று நின்று ஆராய்பவர் சிலரே. கரிக்கலாம்பாக்கத்தைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் பனைமரத்துக்கும் பஞ்சமில்லை, காக்கைக்கும் பஞ்சமில்லை. ஆயினும் இந்தப் பழமொழியின் உட்பொருளை நாங்கள் கற்றுக்கொண்ட இடம் பள்ளித் தோட்டத்துக் கீரைப்பாத்தி.

உயிரியல் பயிலும் நாங்கள் ஒரு மழைக்காலத்தில் ஒரு பாத்தியில் தண்டுக்கீரை விதைத்தோம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றி வந்தோம். மூன்று வாரத்தில் கீரை தளதளவென்று வளர்ந்து நின்றது. புண்ணாக்குக் கரைசலால் கீரை செழிக்கும் என்று முடிவெழுதி, மிகுந்த பெருமையோடு ஆசிரியையிடம் நீட்டினோம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, புண்ணாக்கு ஊற்றாத பாத்தி எங்கே என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு பாத்தியே இல்லை. அந்த மூன்று வாரமும் நல்ல மழை வேறு பெய்திருந்தது. கீரையை வளர்த்தது புண்ணாக்கா, மழையா, நல்ல விதையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ‘கன்ட்ரோல்’ என்கிறோமே, அதுதான் அந்த இரண்டாவது பாத்தி. தமிழில் அதை ஒப்பீட்டுச் சோதனை எனலாம். மண், விதை, வெயில், தண்ணீர், நாட்கள் ஆகிய அனைத்தும் இரண்டு பாத்திக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நாம் ஆராயும் பொருள் மட்டும் ஒன்றில் இருக்க வேண்டும், மற்றதில் இருக்கக் கூடாது. அதன் பிறகு காணும் வேறுபாட்டுக்குத்தான் காரணம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குப் பொருந்தும். காரணம் அறியும் ஆய்வுக்கோ இரண்டு பானை வேண்டும்.

இந்தச் சிறிய பாடம் எத்தனை தாய்மாரின் உயிரோடு தொடர்புடையது என்பதை டாக்டர் லூசி வில்ஸ் அம்மையாரின் வாழ்க்கையிலிருந்து அறிந்தோம். இங்கிலாந்தில் பிறந்தவராயினும் அவருடைய பெரும்பணி நம் நாட்டில், பம்பாயிலும் குன்னூரிலும் சென்னையிலும் நடந்தது. பெண்களின் நோயைப் பெண்ணொருவர் ஆராய்ந்து வென்ற வரலாறு ஆதலால், அதனை நம் பள்ளி மலரில் எழுத விழைந்தோம்.

இளமையும் கல்வியும்

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகேயுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அறிவியல் பட்டதாரி. தாயார் பர்மிங்ஹாமில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரின் மகள். வீட்டிலேயே அறிவியல் பேச்சு நிறைந்திருந்தது. அவருடைய சகோதரர் ஒருவர் பின்னாளில் நிலவியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் பெண்களுக்குத் தையலும் இசையும் போதும் என்று எண்ணியோர் பலர். பெண்களுக்குக் கணிதமும் அறிவியலும் முறையாகக் கற்பித்த சில பள்ளிகளுள் செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரி ஒன்று. 1903ஆம் ஆண்டு லூசி அங்கே சேர்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911இல் படிப்பை முடித்தார். தேர்வில் தேறினாலும் பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் அன்று பட்டம் வழங்கவில்லை. ஆண்களுக்கு நிகராகப் பெண்களுக்கும் பட்டம் தர அது 1948ஆம் ஆண்டில்தான் முன்வந்தது.

1911இல் தந்தையார் மறைந்தார். 1913இல் தமக்கையும் இளவயதிலேயே இறந்துபோனார். 1914ஆம் ஆண்டு லூசி தம் தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. தம்பி படையில் சேர்ந்தார். லூசி கேப்டவுன் மருத்துவமனை ஒன்றில் சில வாரம் தொண்டர் செவிலியாகப் பணிபுரிந்தார். ஆண்டிறுதியில் ஊர் திரும்பியவர், அடுத்த மாதமே, 1915 ஜனவரியில், இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடைய பள்ளி அது. இந்திய மகப்பேறு மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஜெருஷா ஜிராட் அம்மையாரும் அங்கே பயின்றவரே. 1920ஆம் ஆண்டு, தமது 32ஆம் வயதில், லூசி மருத்துவரானார்.

தனியே மருத்துவமனை வைத்துப் பொருளீட்டும் வழியை அவர் நாடவில்லை. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் மேற்கொண்டார். கருவுற்ற பெண்களின் உடலில் நிகழும் வேதி மாற்றங்கள் அவர் கவனத்தை ஈர்த்தன.

பம்பாய்த் தாய்மார்

அந்நாளில் பம்பாயில், குறிப்பாகப் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில், கருவுற்ற பெண்கள் பலர் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். முகம் வெளுக்கும், கால் வீங்கும், நான்கடி நடந்தால் மூச்சு வாங்கும். பிள்ளை பிறக்கும் நேரத்தில் தாயோ, சேயோ, சில வேளை இருவருமோ இறந்துபோவர். இது ஏன் என்று கண்டறிய, இந்திய மருத்துவப் பணியிலிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அம்மையார் லூசி வில்ஸை அழைத்தார். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் நடத்திய தாய்மார் மரண விசாரணையில் பங்குகொள்ள 1928ஆம் ஆண்டு லூசி பம்பாய் வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையம் அவருடைய பணியிடமாயிற்று.

நோயுற்ற பெண்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும். ஆகவே இது வேறு நோய் என்பது தெளிவு. ஆனால் காரணம் கிருமியா, உணவா, இருட்டறை வாழ்வா, ஓயாத உழைப்பா? ஏழைப் பெண்ணிடம் இவை அனைத்தும் ஒருங்கே குடிகொண்டிருந்தன. எதைக் குற்றம் சொல்வது?

லூசி வில்ஸும் அவருடன் பணிபுரிந்த டாக்டர் தல்பாடேயும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினர். பம்பாயின் பல்வேறு பிரிவுப் பெண்களின் வீடு, பழக்கம், உணவு ஆகியவற்றை விசாரித்துக் குறித்தனர். நோய் உள்ளவரை மட்டும் பார்த்திருந்தால் கண்ணில் பட்டதெல்லாம் காரணமாகத் தோன்றியிருக்கும். நோய் இல்லாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு செய்தி மேலே வந்தது. ஏழை முஸ்லிம் பெண்களிடத்தில்தான் நோய் மிகுதி, அவர்களுடைய உணவே சத்தில் மிகக் குறைந்த உணவு. உணவில் ஏதோ ஒன்று இல்லை என்ற ஐயம் வலுத்தது.

ஆனால் ஐயம் வேறு, நிரூபணம் வேறு. உணவு குறைந்த வீட்டில் காற்றும் வெளிச்சமுமே குறைவாக இருக்கலாம் அல்லவா? உணவை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் மாறாமல் வைத்துப் பார்க்க மனிதரிடம் இயலாது. ஆதலால் லூசி வில்ஸ் நம் நீலகிரிக்கு வந்தார்.

குன்னூரின் எலிக்கூண்டுகள்

குன்னூரில் 1907ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பாஸ்டர் நிலையத்தில் அப்போது ராபர்ட் மெக்காரிசன் என்னும் அறிஞர் உணவாராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டவர் அவர். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் பச்சைக் காய்களும் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியைப் பெரிதும் நம்பிய நம் சென்னை மாகாண உணவு ஒப்பீட்டில் கடைசி இடத்தைப் பெற்றது. சோறுண்ணும் நாம் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது.

1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி குன்னூரில் பணிபுரிந்தார். பம்பாயின் ஏழைப் பெண்கள் உண்ட அதே உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை பிடித்தது. சினையாயிருந்த எலிகள் குட்டி போடும் முன்பே இறந்தன. பி வைட்டமின் இல்லாதபடி தயாரித்த உணவோடு ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது சோகை தடுக்கப்பட்டது. ஒரு பக்கம் ஈஸ்ட் உண்டு, மறுபக்கம் இல்லை. எங்கள் கீரைப்பாத்தியில் நாங்கள் மறந்த இரண்டாம் பக்கம் இங்கே இருந்தது. விடை கிடைத்துவிட்டது போலவே தோன்றியது.

பேன் கெடுத்த சோதனை

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. எலிகளின் உடலில் பேன் பற்றியிருந்தது. எலிப்பேன் மூலம் பரவும் பார்ட்டொனெல்லா என்னும் நுண்ணுயிர் எலியின் சிவப்பணுக்களைத் தாக்கி, அதுவும் சோகையை உண்டாக்கும். அப்படியானால் எலிகளுக்கு வந்த சோகை சத்துக் குறைவால் வந்ததா, பேன் கொண்டுவந்த கிருமியால் வந்ததா, அல்லது சத்துக் குறைந்த உடலில் கிருமி எளிதில் தலைதூக்கியதால் வந்ததா?

இந்த இடத்தில்தான் லூசி வில்ஸின் பெருமை விளங்குகிறது. நெடுநாள் உழைப்பு, நினைத்தபடியே வந்த முடிவு, இலண்டனிலும் பம்பாயிலும் அதை எதிர்நோக்கியிருந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு வெற்றி என்று எழுதியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1930ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே பார்ட்டொனெல்லா சோகை என்ற பெயரை வெளிப்படையாகச் சேர்த்தார். எலிகளிடம் பெற்ற முடிவை மட்டும் நம்பித் தாய்மாரின் நோய்க்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால் ஆய்வை வேறு விலங்கில் மீண்டும் செய்தார்.

இதிலிருந்து நாம் ஒன்றை அறிகிறோம். இரண்டு கூண்டு வைத்தால் மட்டும் ஒப்பீடு ஆகிவிடாது. நாம் அறியாத ஒரு வேறுபாடு, ஒரு பேன் அளவே ஆனாலும், உள்ளே புகுந்திருக்கலாம். நமக்குப் பிடித்த முடிவு வரும்போதுதான் அதை அதிகமாகத் தேட வேண்டும்.

குரங்கும் மார்மைட்டும்

உடலமைப்பில் மனிதருக்கு நெருங்கிய ரீசஸ் குரங்குகளைக் கொண்டு ஆய்வு தொடர்ந்தது. சத்துக் குறைந்த உணவால் குரங்குகளுக்கும், பம்பாய்ப் பெண்களுக்கு வந்ததைப் போலவே, பெருத்த சிவப்பணுக்களோடு கூடிய சோகை வந்தது. 1932இல் அந்த முடிவு வெளியாயிற்று. உணவே காரணம் என்பது உறுதிப்பட்டது.

இதற்கிடையே மருத்துவமனைகளிலும் பணி நடந்தது. 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி சென்னை திருவல்லிக்கேணியிலிருந்த கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். பிற ஆடவர் கண்ணில் படாமல் வாழ்ந்த பெண்களுக்கென ஏற்பட்ட அந்த மருத்துவமனையே இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை.

ஏழைகளுக்கு ஈரல் சாறு விலை அதிகம். ஈஸ்டில் குணம் இருக்கிறதென்றால் மலிவான ஈஸ்ட் எது? பீர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து இங்கிலாந்தில் 1902ஆம் ஆண்டு முதல் தயாராகிவந்த மார்மைட் என்னும் கறுத்த, உப்புக் கரிக்கும் பசைதான் அது. ரொட்டியில் தடவி உண்ணும் அந்தப் பண்டத்தை லூசி மருந்தாகக் கொடுத்தார். நோயாளிகளின் இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. 1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இச்செய்தி வெளிவந்தது. பிறகு 1934-35இல் இலங்கையில் மலேரியா கொள்ளைநோய் பரவியபோது வாடிய மக்களுக்கும் மார்மைட் வழங்கப்பட்டது. இலங்கைத் தமிழர் வீடுகளில் அதன் பெயர் அறியாதவர் அரிது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். எலிக்கும் குரங்குக்கும் ஒப்பீடு வைத்தாயிற்று. சாகக் கிடக்கும் தாயை மருந்து கொடாமல் ஒப்பீட்டுக்காகப் படுக்கவைப்பது தகுமா? இப்படிப்பட்ட இடத்தில் மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தை மருந்துக்கு முன்பும் பின்பும் எண்ணி ஒப்பிடுவர். அவரவர் நேற்றைய இரத்தமே இன்றைய இரத்தத்துக்கு ஒப்பீடு. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. பிள்ளை பெற்ற பிறகு இவ்வகைச் சோகை சிலருக்குத் தானே குறையக்கூடும். அப்போது காக்கை எது, காம்பு எது என்பது மீண்டும் மயங்கும். அதனால்தான் மருத்துவமனையில் கண்டதைக் கூண்டில் சரிபார்ப்பதும், கூண்டில் கண்டதை மருத்துவமனையில் சரிபார்ப்பதும் லூசிக்கு வேண்டியிருந்தன.

ஈரல் இரண்டு, விடை ஒன்று

அக்காலத்தில் மருத்துவ உலகம் வேறொரு சோகையை வென்றிருந்தது. உயிர்கொல்லிச் சோகை எனப்பட்ட அதற்கு ஈரல் உணவு மருந்தாகும் என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் காட்டினர். அந்தச் சோகையும் பம்பாய்ச் சோகையும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் ஒரே நோய்தானோ?

லூசியும் அவருடைய தோழர்களும் இதற்கும் ஒப்பீட்டு முறையிலேயே விடை தேடினர். ஈரலைச் சாறாக எடுத்து அப்படியே கொடுத்தால் பம்பாய்ச் சோகை குணமாயிற்று. அதே ஈரல் சாற்றை நன்கு சுத்திகரித்துக் கொடுத்தால் உயிர்கொல்லிச் சோகை குணமாயிற்று, பம்பாய்ச் சோகையோ குணமாகவில்லை. சுத்திகரிக்கும்போது கழிந்துபோன ஏதோ ஒன்றில்தான் பம்பாய்ச் சோகைக்கு மருந்து இருந்தது. முன்பு யாரும் அறியாத அந்தச் சத்துக்கு அறிஞர்கள் ‘வில்ஸ் காரணி’ என்றே பெயரிட்டு வழங்கினர். 1937ஆம் ஆண்டு நவம்பரில் லூசி மீண்டும் பத்து வாரம் பம்பாயில் வந்து பணிபுரிந்தார். கப்பலிலேயே வந்து பழகியவர், அம்முறை கராச்சி வரை விமானத்தில் வந்தார்.

பிற்கால வாழ்வு

இரண்டாம் உலகப்போரின்போது இலண்டனில் குண்டுமழைக்கு நடுவே நோய்க்கூறியல் மருத்துவராகப் பணிபுரிந்தார். 1944 ஜூலையில் அவருடைய மருத்துவமனை மீதே பறக்கும் குண்டு விழுந்து சிலர் உயிரிழந்தனர். சில நாட்களில் ஆய்வுக்கூடம் மீண்டும் இயங்கியது. போர்க்காலப் பங்கீட்டு உணவும் இரும்புச்சத்து மருந்தும் கருவுற்ற பெண்களின் இரத்தத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்று ஆராய்ந்து 1947இல் கட்டுரை வெளியிட்டார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் உணவையும் சோகையையும் பற்றி ஆராய்ந்தார். இலண்டன் செல்சியாவில் நகராட்சி உறுப்பினராகவும் தொண்டு செய்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கார் இருக்க வேண்டிய நிலையிலும் மிதிவண்டியிலேயே பணிக்குச் சென்றார். மலைகளை நேசித்தார். ஆடம்பரம் அறியாதவர். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், தமது 75ஆம் வயதில் காலமானார்.

இலையின் பெயர் பெற்ற சத்து

வில்ஸ் காரணி எது என்பது அவர் வாழ்நாளிலேயே விளங்கிற்று. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையிலிருந்து அறிஞர்கள் ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று அதற்குப் பெயரிட்டனர். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவை வழிநடத்தியவர், ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். ஈஸ்டிலும் ஈரலிலும் கீரையிலும் ஒளிந்திருந்தது இந்த ஒரே சத்துதான்.

லூசி வில்ஸ் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து இந்தக் கதை மேலும் ஒரு படி சென்றது. சில குழந்தைகள் மூளையும் தண்டுவடமும் சரியாக மூடாமல் பிறக்கின்றன. கருவின் முதல் வாரங்களில் ஃபோலிக் அமிலம் போதாமை இதற்குக் காரணமாகலாம் என்று பலர் எண்ணினர். 1980இல் இங்கிலாந்தில் சில தாய்மாருக்கு வைட்டமின் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பயன் தெரிந்தது. ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்தவர்கள், மருத்துவரிடம் தாமதமாக வந்தவர்களும் மருந்தை வேண்டாம் என்றவர்களும் ஆவர். முன்கூட்டியே வந்து மருந்து உண்ட தாய் இயல்பிலேயே நன்றாக உண்பவளாக இருக்கலாம் அல்லவா? எனவே உலகம் முழுமையாக நம்பவில்லை.

பின்னர் ஏழு நாடுகளில் 33 மருத்துவ மையங்களில், முன்பு இக்குறையுள்ள குழந்தையைக் கருவுற்ற 1,817 பெண்களை, சீட்டுக் குலுக்குவது போல, நான்கு பிரிவாகப் பிரித்தனர். இரண்டு பிரிவினருக்கு ஃபோலிக் அமிலம் கிடைத்தது, இரண்டு பிரிவினருக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு எது என்பது தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 1991இல் கணக்குப் பார்த்தபோது, குறையுடன் உருவான 27 குழந்தைகளில் ஃபோலிக் அமிலம் பெற்ற தாய்மாரின் குழந்தைகள் 6, பெறாதவர்களின் குழந்தைகள் 21. இதற்கு மேல் ஒரு தாய்க்குக்கூட அதை மறுப்பது தகாது என்று ஆய்வை அத்துடன் நிறுத்திவிட்டனர்.

அந்த 21 தாய்மாரை நினைக்கும்போது எங்கள் நெஞ்சு கனத்தது. ஒப்பீட்டுப் பிரிவு என்பது வெறும் கணக்கில்லை, அங்கேயும் தாய்மார் இருக்கிறார்கள். ஆய்வு தொடங்கியபோது விடை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மருந்தே தீங்கு செய்யுமோ என்ற ஐயமும் இருந்திருக்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டு பங்கேற்றதால்தான் பின்னால் வந்த தாய்மார் தெளிவான விடையோடு பயனடைந்தனர். விடை தெரிந்தவுடன் நிறுத்துவதும் ஒப்பீட்டு ஆய்வின் அறமே.

நமக்கு

2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது. 15 முதல் 19 வயதினரில் நூற்றுக்கு 59 பேர். காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிடும் தோழியர் நம்மிடையே இல்லையா? வளரிளம் பெண்களுக்கென அரசு வாரந்தோறும் வழங்கும் நீல நிற மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் உண்டு. அதைக் கசக்கும் என்றும் வயிற்றைப் புரட்டும் என்றும் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டவர்களில் எங்களுள் சிலரும் இருந்தோம். பம்பாயின் தாய்மாரும் குன்னூரின் எலிக்கூண்டுகளும் அந்தச் சிறு மாத்திரைக்குள் இருப்பதை அறிந்தபின் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் உட்கொண்டால் புரட்டல் பெரிதும் குறையும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, காராமணி, பச்சைப்பயறு ஆகியவை நம் வயலிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. ஃபோலிக் அமிலம் நீரில் கரையும், நெடுநேரம் கொதித்தால் அழியும். கீரையை அளவாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் எப்போதும் களைத்திருந்தால் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் முன், நம் ஊர் அரசு நலவழி மையத்துக்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள்.

எங்கள் கீரைப்பாத்தி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுமுறை இரண்டு பாத்தி போட்டோம். ஒரே விதை, ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். ஒன்றுக்கு மட்டும் புண்ணாக்குக் கரைசல். அந்தப் பாத்தியில் கீரை சற்று உயரமாகவே வந்தது, ஆனால் முன்பு நாங்கள் பெருமையோடு எழுதிய அளவு வேறுபாடு இல்லை. முதல் முறை வளர்ந்ததில் மழைக்கும் நல்ல பங்கு இருந்திருக்க வேண்டும். முன்பு எழுதியதை அடித்துவிட்டு, கண்டதைக் கண்டபடி எழுதினோம். எலிப்பேனைத் தம் கட்டுரையில் மறைக்காமல் எழுதிய அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகு, அதில் எங்களுக்கு வெட்கம் தோன்றவில்லை.